உடும்பை வீட்டில் வளர்க்கலாமா? கூண்டில் நலிந்ததை மீட்பது எப்படி?

ஹதீஸ் தமிழாக்கங்களை வாசித்துப் பழகியவர்களுக்கு உடும்பு புதிய பிராணி அல்ல. முன்சென்ற சமுதாயத்தவர் உடும்புப் பொந்துக்குள் நுழைந்தால்கூட நாமும் அவர்கள் பின்னால் போவோம் என்ற நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை ஜும்ஆ பயானில் கேட்காதவர்கள் குறைவு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் சுட்ட உடும்பு பரிமாறப்பட்டதும், நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டதும், காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதைச் சாப்பிட்டதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளன. இதைக் காட்டித்தான் சில இளைஞர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், சாப்பிடவே அனுமதி இருக்கும்போது பிடித்து வளர்ப்பதில் என்ன குற்றம்?"

இந்தக் கேள்வியில் முதலில் ஒரு சொல்லைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஹதீஸ்களின் அரபு மூலத்தில் இருப்பது 'ளப்பு'. அது பாலைவனத்தில் வாழும், வால் முழுக்க முள் அடுக்குகள் கொண்ட, உருண்ட உடல் பல்லி. புல்லும் இலையும்தான் அதன் முக்கிய உணவு. சவூதியிலும் குவைத்திலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலர் அதை நேரில் பார்த்திருக்கலாம். நம் ஊர் உடும்பு அதுவல்ல. நீண்ட கழுத்து, பாம்பு போல இரண்டாகப் பிளந்த நாக்கு, கூரிய நகம், ஊன் உணவு என்று எல்லாவற்றிலும் அது வேறு. அரபியில் அந்த இனத்தின் பெயர் 'வரல்'. ஹிஜ்ரி 808-இல் மறைந்த இமாம் தமீரீ (ரஹ்) அவர்கள் 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் ளப்புக்கு ஒரு தலைப்பும் வரலுக்கு வேறொரு தலைப்பும் கொடுத்திருக்கிறார்கள். இன்றைய விஞ்ஞானிகள் உடும்பு இனத்துக்கு வைத்திருக்கும் 'வாரனஸ்' என்ற பெயரே இந்த அரபுச் சொல்லிலிருந்து போனதுதான்.

மொழிபெயர்த்த பெரியவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முள்வால் பல்லி தமிழகத்தில் கிடையாது. ராஜஸ்தான், குஜராத் பக்கம் அதன் உறவுக்காரப் பிராணி ஒன்று உண்டு, அவ்வளவுதான். 'சாண்டா எண்ணெய்' என்று சந்தையில் விற்பதற்காக அதையும் பிடித்துக் காய்ச்சுகிறார்கள். ஆகவே தமிழ் வாசகனுக்குப் புரிகிற பெரிய பல்லியின் பெயரை மொழிபெயர்ப்பாளர்கள் போட்டார்கள். ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நம் ஊர் உடும்புக்கு ஹதீஸில் அனுமதி இருக்கிறது என்று வாதிப்பது சரியாகாது. உண்பது பற்றிய ஃபிக்ஹ் சட்டத்தைத் தனியாகப் பேசலாம். இங்கே நாம் பேச வந்தது கூண்டைப் பற்றி.

வீட்டுக்கு எப்படி வருகிறது?

எங்கள் ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரம் கரிசல் காடு. கண்மாய்க் கரை, ஓடைப் பொந்து, கரையான் புற்று, சீமைக் கருவேலப் புதர் என்று உடும்புக்கு ஏற்ற இடம் ஏராளம். பட்டாசு ஆலைகளில் பாதுகாப்புக்காக ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் நடுவில் விடும் வெற்றிடம்கூட அதற்கு வசதியான காடுதான். கண்மாயைத் தூர் வாரும்போதும், மனை போட ஜேசிபி ஓடும்போதும் பொந்து உடைந்து குட்டிகள் வெளியே வரும். உடும்புக் குட்டி பார்க்க அழகு. உடம்பெல்லாம் வெளிர் மஞ்சள் புள்ளி இருக்கும். பையன்கள் அதை ஒரு சாக்கிலோ பெயின்ட் வாளியிலோ போட்டுக் கொண்டுவருவார்கள். "பாவம், நாய் கடித்துவிடும், கொஞ்ச நாள் வைத்திருப்போம்" என்று வீட்டிலுள்ளவர்களும் இடம் கொடுப்பார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருடமாகிவிடும்.

வேட்டைக்காரர் கையிலிருந்து வருவதும் உண்டு. கறிக்கும் எண்ணெய்க்கும் பிடிக்கிறார்கள். கஞ்சிராவுக்குத் தோல் வேண்டுமென்று ஒரு காலத்தில் பிடித்தார்கள். வட இந்தியாவில் 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில் அதிர்ஷ்ட வேர் ஒன்று விற்கிறார்கள். அது வேரே அல்ல, காயவைத்த ஆண் உடும்பின் பிறப்புறுப்பு என்பதை 2017-இல் பரிசோதனைக் கூடத்தில் நிரூபித்தார்கள். தாயத்து மோகம் மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்! இப்படி உயிரோடு பிடிபடுபவற்றின் கால்களை முதுகுக்கு மேல் முறுக்கிக் கட்டிவிடுவார்கள். அவற்றில் ஒன்றை இரக்கப்பட்டு விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் விற்றவன் அந்தப் பணத்தில் அடுத்த கண்ணி வைப்பான்.

மூன்றாவது வழி விமானத்தில் வருவது. 2023 ஜூலை இறுதியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லி இன உயிர்களும் இருந்தன. அடுத்த மாதமே பாங்காக்கிலிருந்து பெங்களூரு வந்த பெட்டிகளில் 234 உயிர்கள். அவற்றில் ஒரு கங்காரு குட்டி மூச்சுமுட்டி இறந்தே வந்தது. இவையெல்லாம் யாரோ ஒரு வீட்டின் கண்ணாடித் தொட்டிக்காக வந்தவை. சமூக ஊடகத்தில் ஒருவர் தோளில் உடும்பைப் போட்டுக்கொண்டு படம் போட்டால், அதைப் பார்க்கும் நூறு பேருக்கு ஆசை வருகிறது.

கூண்டுக்குள் நடப்பது

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டுக் கொன்ற பெண்ணின் ஹதீஸ் நம் குழந்தைகளுக்கும் தெரியும். அதில் அவள்மீது வரும் குற்றம் இரண்டு பகுதி கொண்டது: உணவும் கொடுக்கவில்லை, பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தேடித் தின்னும்படி அவிழ்த்தும் விடவில்லை. அடைத்து வைப்பதே எல்லா நிலையிலும் பாவம் என்று அறிஞர்கள் சொல்லவில்லை. அபூஉமைர் என்ற சிறுவர் குருவி வைத்து விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை, மாறாக அது இறந்தபோது அன்போடு விசாரித்தார்கள். ஆக, அடைப்பவர் அந்த உயிரின் தேவையை நிறைவேற்றக் கடமைப்பட்டவர் என்பதே இதன் சாரம். உடும்பு விஷயத்தில் அந்தத் தேவை என்ன என்று தெரிந்துகொண்டால், நம் வீட்டில் அதை நிறைவேற்றவே முடியாது என்பதும் தெரிந்துவிடும்.

உடும்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. காலையில் பாறையிலோ கரையிலோ படுத்து வெயில் காய்ந்து சூடேறிய பிறகுதான் அதற்கு ஓடவும் இரை பிடிக்கவும் தின்றதைச் செரிக்கவும் முடியும். வீட்டுக்குள் நிழலில் கிடக்கும் உடும்பின் வயிற்றில் இரை செரிக்காமல் அழுகும். "சாப்பிடவே மாட்டேங்குது" என்று வாயைப் பிளந்து ஊட்டுவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும்.

அடுத்தது எலும்பு. காட்டில் அது வண்டு, புழு, வெட்டுக்கிளி, தேள், நத்தை, நண்டு, தவளை, எலி, முட்டை என்று முழு இரையாகத் தின்கிறது. எலும்பும் ஓடும் சேர்ந்து போவதால் சுண்ணாம்புச்சத்து கிடைக்கும். வெயிலின் புறஊதாக் கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி3 உண்டாகும், அந்தச் சத்து உடலில் சேரும். வீட்டில் நாம் கொடுப்பது என்ன? எலும்பில்லாத கோழித் துண்டு. சில வீடுகளில் பாலில் நனைத்த ரொட்டி! வெறும் சதையில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. அந்தக் கணக்கைச் சரிசெய்ய உடம்பு தன் சொந்த எலும்பையே கரைத்து எடுக்கும். சில மாதங்களில் தாடை ரப்பர் போலாகும், கால் வளையும், முதுகு கூன் விழும், விரல் நடுங்கும். ஜன்னல் ஓரம் வைத்தோமே, வெயில் படுகிறதே என்பார்கள். தேவையான புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது.

தோல் உரிவதிலும் துன்பம் உண்டு. காற்றில் ஈரமில்லாத கூண்டில் பழைய தோல் விரல் நுனியில் மோதிரம் போலத் தங்கி இறுகும். ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்து விழும். நகம் போன உடும்பு குழி தோண்டவோ மரம் ஏறவோ முடியாது. 'உடும்புப் பிடி' என்று நாம் பழமொழியாகச் சொல்கிறோமே, அந்தப் பிடியே போய்விடும். கம்பி வலையில் மூக்கை உரசி உரசிப் புண்ணாகி, அது வாய்க்குள் பரவுவதும் சாதாரணம். சாக்கில் போடும்போது வாலைப் பிடித்து இழுத்து ஒடித்துவிட்டால் அது வீட்டுப் பல்லி வால் போலத் திரும்ப முளைக்காது.

நமக்கும் ஒரு எச்சரிக்கை. ஊர்வன பலவற்றின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர் இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, மருத்துவரிடம் காட்டி டி.டி. ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டமும் பயமும்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் ஊர் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பது, அடைத்து வைப்பது, விற்பது எல்லாமே குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணைப் பிராணிக்கான தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டு வரையிலான சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வெளிநாட்டு இனமென்றால் தப்பலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்பவர்கள் அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்துவிட்டது. உலகிலுள்ள உடும்பு இனம் அத்தனையும் அந்தப் பட்டியலில் அடங்கும்.

இதைப் படித்ததும் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குப் புரிகிறது. பயம் வரும். இருட்டியதும் சாக்கில் போட்டு வைப்பாற்றங்கரையில் அவிழ்த்துவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். எலும்பு வளைந்த, விரல் போன, மனிதனைக் கண்டு ஓடத் தெரியாத உடும்பு அங்கே பிழைப்பது அரிது. முதலில் வரும் தெருநாய்க்கோ கீரிக்கோ அது இரையாகும், அல்லது மனிதனிடமே நடந்து போய் அடிபடும். அதே சட்டம்தான், காட்டுயிர் ஒன்று கையில் வந்தவர் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இன்று கிடைத்ததை இன்றே சொல்லி ஒப்படைப்பவர் சட்டத்தைக் கடைப்பிடிக்கிறார். மாதக்கணக்கில் வைத்திருந்தவரின் நிலை வேறு. அவர் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, ஜமாஅத்தில் விவரம் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைப்பதே முறை. நம் பகுதிக்கு வனத்துறை அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. யாரைக் கூப்பிடுவது என்று புரியாவிட்டால் 112-க்கோ, பாம்பு பிடிக்க நாம் அழைக்கும் தீயணைப்புத் துறையின் 101-க்கோ சொல்லலாம்.

அவர்கள் வரும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காற்றோட்டத் துளை போட்ட மரப்பெட்டி அல்லது கனமான அட்டைப்பெட்டியில், பழைய பருத்தித் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். சுட்டெரிக்கும் வெயிலில் வேண்டாம். மூடிய பெட்டி வெயிலில் அடுப்பாகிவிடும். சோறு, பால், கறி எதுவும் கொடுக்காதீர்கள். மஞ்சள் தடவாதீர்கள். கட்டியிருந்தால் கட்டை அறுத்துவிடுங்கள், ஆனால் முறுக்கிய காலை இழுத்து நேராக்காதீர்கள். படம் எடுக்கக் கூட்டம் சேர்க்காதீர்கள்.

தேற்றுவது

மீட்பு மையங்களில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் ஏன் வீட்டில் முயலக்கூடாது என்பது விளங்கும். பட்டினியால் இடுப்பெலும்பு துருத்தி, வால் அடி ஒட்டிப்போன உடும்பு ஒன்று வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். (பசியில் மெலிந்த பாணனின் விலாவைப் புறநானூற்றுப் புலவர் உரித்த உடும்போடு ஒப்பிட்டார். உரிக்காத உடும்பே அப்படித் தெரிவதுதான் இன்றைய கொடுமை.) பார்த்ததும் யாருக்கும் உணவு கொடுக்கத்தான் கை நீளும். அனுபவமுள்ளவர்கள் உணவைக் கடைசியில்தான் எடுப்பார்கள்.

முதலில் சூடு. பெட்டியின் ஒரு முனை வெப்பமாகவும் மறு முனை குளிர்ச்சியாகவும் இருக்கும். தனக்கு வேண்டிய சூட்டை உடும்பே நகர்ந்து தேடிக்கொள்ளும். பல்புக்குக் கம்பிக் கூடு போடுவார்கள், இல்லாவிட்டால் ஒட்டிப் படுத்து வெந்துபோகும். அடுத்தது நீர். கண் உள்ளே போயிருந்தால், கிள்ளிய தோல் மடிந்தே நின்றால், உடம்பு வறண்டிருக்கிறது என்று பொருள். தாடை மூழ்காத அளவு வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் விடுவார்கள். தேவைப்பட்டால் மருத்துவர் ஊசி வழியாகத் திரவம் ஏற்றுவார். வறண்ட உடம்பில் புரதத்தைத் திணித்தால் யூரிக் அமிலம் சிறுநீரகத்திலும் மூட்டிலும் படியும். பசியில் சாகாதது அதில் செத்துவிடும். நீர் ஏறி, எச்சம் போட்டு, நாக்கை நீட்டிச் சுற்றிலும் மோப்பம் பார்க்கத் தொடங்கிய பிறகே சின்னச் சின்ன இரை.

எலும்பு நோய்க்கு எக்ஸ்ரே, சுண்ணாம்பு மருந்து, புறஊதா விளக்கு அல்லது நேர் வெயில் வேண்டும். மாதங்கள் ஆகும். எலும்பு கெட்டிப்படும், வளைந்தது நிமிராது. விரலில் இறுகிய தோலைப் பிய்க்காமல் ஈரத்தில் ஊறவைத்து மெல்லக் கழற்றுவார்கள். பெண் உடும்பாக இருந்தால் வயிற்றில் முட்டை தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். காட்டில் அது கரையான் புற்றைத் தோண்டி முட்டையிட்டு மூடும். பக்கத்திலேயே போலிக் குழிகளும் தோண்டி வைக்கும். சிமென்ட் தரையில் அந்த வேலைக்கு வழியில்லை. முட்டை வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இத்தனைக்கும் மேலான கஷ்டம் ஒன்று உண்டு. வளர்த்தவர் பெருமையாகச் சொல்வார்: "எங்களோடு நல்லா பழகிடுச்சு, தூக்கினால்கூடச் சும்மா இருக்கும்." பல சமயம் அது பழக்கமே அல்ல, தெம்பில்லாமை. சூடும் நீரும் இரையும் கிடைத்துத் தேறியதும் அதே உடும்பு தொண்டையை உப்பிச் சீறும், வாலைச் சாட்டையாக வீசும். வளர்த்தவர் பார்த்தால் மனம் உடைந்துபோவார். தேற்றுபவருக்கோ அன்றுதான் நிம்மதி. உண்மையாகவே மனித வாசனைக்குப் பழகிவிட்டதைத் திருத்துவதுதான் கடினம். அதனால் மையத்தில் அதைக் கொஞ்ச மாட்டார்கள், பெயர் வைத்துக் கூப்பிட மாட்டார்கள், கையில் ஊட்ட மாட்டார்கள். தானே தேடி எடுக்கும்படி இலைச் சருகுக்குள் இரையை ஒளித்து வைப்பார்கள்.

வெளிநாட்டு உடும்புக்கு இந்த வழியும் கிடையாது. ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து சவன்னா உடும்புக் குட்டிகளை அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வருடந்தோறும் ஏற்றுமதி செய்கிறார்கள். மலிவு விலை, கையளவு குட்டி. மூன்றடிக்கு மேல் வளர்ந்ததும் அலுத்துப்போய்க் கைவிடுவார்கள். மீட்பவர்களிடம் வந்து சேர்பவற்றில் பெரும்பாலும் கொழுப்பேறிய ஈரலும் வளைந்த எலும்பும்தான். ஃப்ளோரிடாவின் கேப் கோரல் நகரில் 1990 வாக்கில் தப்பியோ கைவிடப்பட்டோ வெளியே வந்த நைல் உடும்புகள் பெருகி, இன்று அந்த ஊரின் ஆந்தைக்கும் ஆமை முட்டைக்கும் பகையாகி நிற்கின்றன. எனவே அந்நிய இனத்தை எந்தக் காட்டிலும் விடக்கூடாது. உயிரோடு இருக்கும் வரை ஏதாவதொரு உயிரியல் பூங்காவோ மையமோ அதைச் சுமக்க வேண்டியதுதான்.

நம் ஊர் உடும்பு தேறிவிட்டதா என்பதை வனத்துறை மருத்துவர் முடிவு செய்வார். ஓடுகிறதா, ஏறுகிறதா, தோண்டுகிறதா, உயிருள்ள இரையைப் பிடிக்கிறதா, மனிதனைக் கண்டால் விலகுகிறதா என்று பார்ப்பார். முடிந்தவரை பிடிபட்ட வட்டாரத்திலேயே, வீடும் சாலையும் தள்ளியிருக்கும் இடமாக, தண்ணீரும் பொந்தும் இருக்கும் கரையாகப் பார்த்து விடுவார்கள். மாலையில் விடுவது நல்லதல்ல. குளிர்ந்த உடம்போடு இரவில் ஒளிய இடம் தேட அதற்கு முடியாது. வெயில் ஏறிய காலையில் பெட்டியின் வாயைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் பத்தடி பின்வாங்குவார்கள். சில உடனே பாயும். சில தலையை மட்டும் நீட்டி, நாக்கால் காற்றைத் துழாவிக்கொண்டு, கால் மணி நேரம் அப்படியே கிடக்கும். அவசரப்படுத்தக் கூடாது. அது போன பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். மறுநாள் இரை வைக்கப் போகக் கூடாது.